கன்னப்பை

காலை ஆறேகால்.
தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில்
பலகையில் படிவத்தைக் கொளுவிக்கொண்டு நிற்கிறேன்.
அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய கால்.
டயகமப் பக்கத்துப் பனி
முழங்காலுக்குக் கீழே எதையும் காட்டுவதில்லை.

இமேஷா மிஸ் பேராதனையிலிருந்து வந்தவர்.
முதல் நாளே சொல்லிவிட்டார்:
பெயர் வைக்காதே.
பெயர் வைத்தால் பாசம் வரும்,
பாசம் வந்தால் கணக்குப் பிசகும்.
ஆகவே எல்லாக் குரங்குக்கும் இலக்கம்.
எனக்கு அதில் சிரமமில்லை.
அம்மா முப்பத்தொரு வருடம்
செக்ரோலில் இருநூற்றுப் பதினாறு.
கங்காணி அந்த இலக்கத்தைக் கூப்பிட்டால்
எங்கள் வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்கும்.

செங்குரங்கின் தலைமயிரைப் பற்றி ஒரு கட்டம்.
உச்சியில் சுழி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் படிந்து,
எண்ணெய் வைத்து வகிடெடுத்து
பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி.
வளர்ந்த பெண்ணுக்கு முகம் சிவந்திருக்கும்.

தாயின் தரம்தான் மகளின் தரம்.
இலக்கம் மூன்றின் குட்டி
பால் மறக்கும் முன்பே
ஒரு கிழட்டு மந்தியை இடத்தைவிட்டு எழுப்புகிறது.
கிழவி எழும்புகிறாள்.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே மிஸ் என்றேன்.
சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார்,
தினமும், பார்வையால்.
சிங்களத்தில்தான் சொன்னார்.
எனக்குத் தமிழில் விளங்கியது.

ஏழாம் கட்டம்: மனிதருடன் மோதல் உண்டா?
நேற்று அந்தோனியம்மாள் காம்பராவில்
கூரைத் தகரத்தைக் கிளப்பி
ரொட்டி மாவைச் சட்டியோடு கொண்டுபோயின.
செபமாலை அண்ணன் வெடி கொளுத்தினார்.
பயந்து ஓடியவை எங்கள் பிள்ளைகள்.
அவை கூரையில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்தன.
உண்டு என்று எழுதினேன்.
யார் முதலில் வந்தது என்று கேட்க
அந்தத் தாளில் இடமில்லை.

பத்து நாற்பதுக்கு
இலக்கம் முப்பத்திநாலு
காட்டுக் கொய்யாவின் கீழே, தனியாக.
கூட்டத்திலேயே கடைசி அவள். பாதிக் காது இல்லை.
தின்னவில்லை, திணித்தாள்.
இரண்டு கன்னமும் வீங்கி
பல்வலிக்காரி போல் ஆனதும்
அசையாமல் உட்கார்ந்து
ஒன்றுமே இல்லாதவள் மாதிரி மலையைப் பார்த்தாள்.

மூன்று வந்தாள். அவசரமில்லை.
பக்கத்தில் குந்தி, தாடையை ஒரு கையால் பிடித்தாள்,
பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி.
மற்றக் கையை உள்ளே விட்டு
இடது கன்னத்தில் இருந்ததை
ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள்.
முப்பத்திநாலு வாயை மூடவில்லை,
கடிக்கவில்லை.
கண்ணை மட்டும் வேறெங்கோ வைத்திருந்தாள்.

எழுது, எழுது என்றார் மிஸ், மூச்சடக்கி.
நேரத்தை எழுதினேன்.
கை எத்தனை தடவை உள்ளே போனது என்று எழுதினேன்.
ஐந்து.

கீழே கொழுந்து நிறுக்கும் சத்தம்
இந்த உயரத்துக்கு வராது.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு.
அந்த நேரத்தில் அம்மா எப்போதும்
மடுவத்துத் தகரங்களை எண்ணிக்கொண்டிருப்பாள்.

தின்று முடித்த மூன்று மல்லாந்து படுத்தாள்.
முப்பத்திநாலு அவள் வயிற்று மயிரை விலக்கிப்
பேன் பார்க்கத் தொடங்கினாள்.
பதினொரு நிமிடம்.
இதற்கு உறவைச் சீர்செய்தல் என்று பெயராம்.
மிஸ் சொன்னபடியே எழுதினேன்.

பிறகு தூறல். கமராவை மூட மிஸ் குனிந்தார்.
மூன்று எழும்பிப் போய்விட்டாள்.
முப்பத்திநாலு மெல்லத் தலையைத் திருப்பி
வலது கன்னத்தைப் புறங்கையால் அமர்த்தினாள்.
ஒரு கொய்யாத் துண்டு நாக்குக்கு வந்தது.
மென்றாள்.
இப்போது அவளுக்கும் அவசரமில்லை.
என்னைப் பார்த்தாள்.
நான் பலகையைப் பார்த்தேன்.
பேனையில் மை இருந்தது. கட்டமும் காலியாக இருந்தது.

மிஸ் நிமிர்ந்து,
ஏதும் நடந்ததா என்றார்.

மழை என்றேன்.